அறுபதாம் நாள் நான் குச்சனூரில் நின்றேன்

2006-ஆம் வருஷம், ஆனி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் என் தம்பி செல்லப்பாண்டிக்கு ஏழு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. தேனியில் கோர்ட்டு வாசலில் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைக் குடித்தேனா கீழே கொட்டினேனா என்று இன்று வரைக்கும் ஞாபகம் இல்லை.

நான் சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டுப் பிழைக்கிறவன். சனிக்கிழமை தோறும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு வருகிற உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். மூன்று வருஷமாக, வந்து நாலு வார்த்தை சொல்லப்பா என்று கூப்பிடுகிறீர்கள். நானும் வாழைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், அது இது என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். உண்மையான காரணம் வெட்கம். இந்த விஷயத்தில் பகவான் செய்தது நிறைய இருக்கிறது. நான் செய்ததைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். துப்பினாலும் சரி, இந்த வருஷம் சொல்லிவிடுகிறேன்.

2002-இல் மழை இல்லை. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை நாளில் மடையைத் திறக்கப் போன தம்பிக்கும் அடுத்த வயல்காரருக்கும் பேச்சு முற்றியது. தம்பி தள்ளிவிட்டான். அவர் மல்லாக்க விழுந்து மடைக்கல்லில் பின்மண்டை அடிபட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நல்ல மனிதர். அவர் வீட்டுத் துக்கத்தை நான் சின்னதாகப் பேசவில்லை. ஆனால் தம்பி மண்வெட்டிக் காம்பால் மண்டையில் ஓங்கி அடித்தான் என்று வழக்கு எழுதினார்கள். அது நடக்கவே இல்லை. மண்வெட்டி அவன் கையில் இருந்தது, அதை அவன் தூக்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான். கூடப்பிறந்தவன் அப்படித்தானே சொல்லுவான் என்று என் சாட்சியை ஒதுக்கிவிட்டார்கள்.

நாலு வருஷம் வழக்கு நடந்தது. தம்பி ஜாமீனில் இருந்தான். மாதத்துக்கு ஒரு வாய்தா, சில மாதம் இரண்டு. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையில்தான் வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனோடு நானும் போவேன். காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் கோர்ட்டு வேப்ப மரத்தடியில் உட்கார வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள். ஓடிப்போய் நிற்போம். அடுத்த தேதியைச் சொல்வார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்புவோம். வாழைக்கு மண் அணைக்க வேண்டிய நாளெல்லாம் அந்த மரத்தடியில் போனது. தம்பி மேல் எனக்குப் பாசம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாசம் இருந்தது. அதற்கு மேலே சலிப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசி வருஷத்தில், தண்டனையோ விடுதலையோ, எப்படியாவது முடிந்தால் போதும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

தீர்ப்பன்றைக்கே தம்பி கையில் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுத்தார்கள். அவன் அதை என்னிடம் தந்தான். எங்கள் தேனி வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போட வேண்டும், அதற்கு அறுபது நாள்தான் கெடு, நாளையிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மதுரையில் ஒரு வக்கீலின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். போலீஸ் வேனில் ஏறும்போது தம்பி திரும்பிப் பார்த்தான்.

"பாத்துக்கண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் தலையை ஆட்டினேன்.

வீட்டில் முதல் பத்து நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் காற்றுக் காலத்துக்கு முன்னால் வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை வந்தது. ஆனி முடிகிற வாரம், தம்பி பெண்டாட்டி சின்னத்தாய் வந்து நின்றாள். அவள் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவள். இரண்டு பெண் பிள்ளைகள். எப்போது மதுரைக்குப் போகிறோம் என்று கேட்டாள்.

"ஆடி பெறக்கப் போகுது தாயி. ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி மொத நாளே போயிருவோம்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆடியில சாமி கும்பிடலாம், ஆளை வெளிய எடுக்கக் கூடாதாக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு மூத்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று சத்தம் போட்டேன். அவள் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஆடி பார்ப்பது உண்டு. கல்யாணம் பேச மாட்டோம், பத்திரம் பதிய மாட்டோம், மாடு கூடப் பிடிக்க மாட்டோம். அப்பீலும் அந்த மாதிரிப் புது வேலைதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். எந்தப் பஞ்சாங்கக்காரரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நான் எந்தச் சாமியை நம்பினேனோ அந்தச் சாமிக்கு இந்த ஊரில் திருவிழாவே ஆடிச் சனிக்கிழமைகளில்தான் நடக்கிறது. அது கூட என் மண்டையில் உறைக்கவில்லை.

தீர்ப்பு நகலுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். சனி பகவான் படத்தை வீட்டில் வைக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. அதனால் குலசாமி படத்துக்கு முன்னால் விளக்கு மாடத்தில் வைத்தேன். ஐந்து சனிக்கிழமை குச்சனூர் வந்து எள் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். வக்கீல் எழுதித் தந்த விலாசத்தையும் அதோடு சேர்த்து மடித்து வைத்தேன். பெரிய வேலையைச் செய்து முடித்துவிட்ட மாதிரி அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வேண்டுதலை நான் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் குளித்து, காக்கைக்கு எள் சாதம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து வந்தேன். மூன்றாம் வாரம் அடித்த காற்றில் தோட்டத்தில் பாதி சாய்ந்தது. குலை தள்ளிய மரமெல்லாம் இடுப்பொடிந்து கிடந்தது. அப்போதும் வந்தேன். பகவானே, என் தம்பியை வெளியே விடு, விடு என்று அதையே சொன்னேன். நடுவில் ஒரு நாள் மதுரை ஜெயிலுக்குப் போய்த் தம்பியைப் பார்த்தேன். அப்பீல் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை. காகிதம் மாடத்தில் இருந்தது.

அந்த வருஷம் ஆடியில் நாலு சனிக்கிழமைதான் வந்தது. ஐந்தாவது சனிக்கிழமை ஆவணி மூன்றாம் தேதி. அன்றைக்கும் வந்தேன். கூட்டத்தில் நின்று, விளக்குப் போட்டு, வேண்டுதல் முடிந்தது என்ற நிறைவோடு வெளியே வந்து ஒரு பொட்டலம் புளியோதரை வாங்கித் தின்றேன். ஆற்றங்கரையில் துண்டை விரித்துக் கொஞ்சம் கண்ணசந்தேன்.

அதுதான் அறுபதாம் நாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பொய்தான். தெரிந்துவிடக் கூடாது என்று எண்ணாமலே இருந்தேன்.

ஆவணி முதல் நாளே மதுரைக்குப் போவோம் என்றவன் ஆவணி முழுக்கப் போகவில்லை. சாய்ந்த வாழையை வெட்டி ஒதுக்க வேண்டியிருந்தது. பிறகு புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது, தீபாவளியும் போனது. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் கிடைக்காத வாரம் கால் வலித்தது. இதை உங்களிடம் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என் செவ்வாய்க்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. காலையில் எழுந்து, இன்றைக்குக் கோர்ட்டு இல்லை என்று நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. தம்பி ஜெயிலில் இருக்கிறான், எனக்கு நிம்மதி. அப்படிப்பட்ட அண்ணன் நான்.

ஜெயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். சின்னத்தாய்தான் மாதம் ஒரு தரம் போய் வந்தாள். அப்பீல் என்ன ஆச்சு என்று முதலில் இரண்டு மூன்று தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

கார்த்திகை முதல் தேதி அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக மாடத்துக்குப் போய் தீர்ப்பு நகலை எடுத்தாள். ஐந்து மாதமாக விளக்குப் புகை பட்டு மேல்தாள் கறுத்திருந்தது. ஓரத்தில் நல்லெண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"நான் போறேன் மாமா. மதுரையில எங்கன எறங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் சத்தமில்லாமல் வழி கேட்டாள். காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மஞ்சள் பையில் வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை மதுரைக்குப் போனேன்.

மதுரை வக்கீல் வயசானவர். அவரும் என்னை மாதிரியே களைத்துப் போன முகம். நகலைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் தீர்ப்புத் தேதியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கெடு போய்விட்டது என்றார். அப்பீலோடு சேர்த்து, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுப் போட வேண்டும். ஏன் தாமதமானது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சரியில்லை என்று ஜட்ஜ் நினைத்தால் மனு தள்ளுபடியாகலாம். அப்படியானால் அப்பீலையே எடுக்க மாட்டார்கள், தம்பி ஏழு வருஷமும் இருந்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும் என்றார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

குமாஸ்தா ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினார். ஏற்கனவே டைப் அடித்த தாள். பேரும் தேதியும் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. வழக்கைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்று அதில் இருந்தது. எல்லாரும் காமாலைதான் எழுதுவார்கள், ஒரு டாக்டர் சர்டிபிகேட் வைத்தால் போதும் என்றார் குமாஸ்தா.

எனக்கு அந்த நேரத்தில் பெரிய பக்தி வந்துவிட்டது. நான் குச்சனூரானைக் கும்பிடுகிறவன், சத்தியம் செய்து பொய் எழுத மாட்டேன், ஆடி மாதம் என்று காத்திருந்தோம், அதுதான் நிஜம், அதையே எழுதுங்கள் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

வக்கீல் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார். பென்சிலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே போனார். நானும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

"ஆடி முடிஞ்சும் உங்களுக்கு மூணு நாள் இருந்திருக்கேய்யா" என்றார். "அறுபதாம் நாள் சனிக்கிழமை. கோர்ட்டு லீவு. அதனால திங்கக்கிழமை போட்டிருந்தாக்கூட எடுத்திருப்பாங்க. அந்தச் சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

நான் எங்கே இருந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொல்ல முடியவில்லை. ஆடி என்று எழுதினாலும் அது பொய்தான், காமாலையை விடக் கொஞ்சம் பக்தியான பொய். இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் போகவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை குச்சனூர் வந்தேன். கூட்டம் அதிகம் இல்லை. சன்னிதிக்குள் போகக் கால் வரவில்லை. ஆற்றங்கரையில், போன தடவை துண்டு விரித்துப் படுத்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அழுதேன். தம்பிக்குத் தீர்ப்பான நாளில் கூட நான் அழவில்லை. ஐந்து வாரம் விடு விடு என்று கேட்டவன் அன்றைக்கு விடுதலை எதுவும் கேட்கவில்லை. பகவானே, எனக்குச் சலித்துவிட்டது, அதனால்தான் நான் போகவில்லை, ஆடியையும் உன்னையும் சாக்காக வைத்துக்கொண்டேன், இதைத் தம்பி முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாயைக் கொடு என்று கேட்டேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. சாயங்காலம் எழுந்தபோது உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. சின்னத்தாய் வீட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமை ஜெயிலுக்குப் போகிறேன், தம்பிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். போய் வாருங்கள் என்றாள்.

செவ்வாய்க்கிழமை தம்பியைப் பார்த்தேன். நடுவில் கம்பி வலை. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் இளைத்திருந்தான். நான் வலையில் வாயை வைத்து, கெடு போய்விட்டது என்றேன். அவன் தெரியும் என்று தலையாட்டினான். ஏன் போனது என்று சொன்னேன். ஆடியைச் சொல்லவில்லை. எனக்குச் சலிச்சுப் போச்சுடா, அதான் நான் போகலை என்று சொன்னேன். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு சொன்னான்.

"நான் உள்ள எண்ணிக்கிட்டுத்தாண்ணே இருந்தேன். அறுவதாம் நாளு துணியத் துவச்சுப் போட்டு உக்காந்திருந்தேன், நீ வந்து போட்டாச்சுடான்னு சொல்லுவேன்னு. உள்ளேருந்தே அப்பீல் எழுதிக் குடுக்கலாம், ஜெயில்ல அனுப்பி வைப்பாகன்னு கூட இருந்தவுக சொன்னாக. வேண்டாம், எங்கண்ணன் வெளிய பாத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன்."

நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குந்தாண்ணே சலிப்பா இருக்கு" என்றான். "நான் எங்கிட்டுப் போக?"

திட்டியிருக்கலாம். துப்பியிருக்கலாம். அவன் அதை மட்டும்தான் கேட்டான். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். போகும்போது திரும்பி, நெசத்தையே எழுது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ஜட்ஜ் முன்னால் எனக்குச் சோர்வாக இருந்தது என்று யாராவது எழுதுவார்களா, தள்ளுபடி ஆனால் எங்கள் மேல் பழி போடாதே என்றார். வக்கீல் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு அவரே சொல்லச் சொல்லக் குமாஸ்தா டைப் அடித்தார். ஆடி மாதம் என்று காத்திருந்தது, ஆடி முடிந்த பிறகும் மூன்று நாள் இருந்தது, அறுபதாம் நாள் கோயிலில் இருந்தது, எல்லாம் அதில் வந்தது. கடைசிப் பாராவைத் தமிழில் படித்துக் காட்டினார். மீதி நாட்களுக்கு என் சோர்வைத் தவிர வேறு காரணம் இல்லை, தவறு செய்தவன் நான், சிறையில் இருப்பவன் என் தம்பி என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை அப்பீலும் மனுவும் உள்ளே போனது. நூற்று மூன்று நாள் தாமதம் என்று மேலே போட்டிருந்தது.

தை மாதம் மனு விசாரணைக்கு வந்தது. அதற்கு முன் இரண்டு முறை பட்டியலில் வந்து எடுக்கப்படாமல் போனது. மூன்று தடவையும் போனேன். பழைய சோர்வு அப்படியே இருந்தது, ஆனாலும் போனேன். கோர்ட்டில் பேசியதெல்லாம் இங்கிலீஷ். பின்னால் சுவரோடு சாய்ந்து நின்ற எனக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. ஆடி, ஆடி என்று அரசு வக்கீலும் சொன்னார், ஜட்ஜும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எங்கள் வக்கீல் ஒரு தாளை எடுத்துப் படித்தார். அது அந்தக் கடைசிப் பாராவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. சிரிப்பு அடங்கியது. ஜட்ஜ் தலையைத் தூக்கி, கோர்ட்டில் யாரையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் குமாஸ்தா சொன்னார். ஆடி அறுபது நாளுக்குள்ளேயே முடிந்துவிட்டதே, மிச்சத்துக்கு என்ன காரணம் என்றுதான் ஜட்ஜ் கேட்டாராம். வக்கீல் அந்தப் பாராவைப் படித்தாராம். அரசு வக்கீல், சோர்வு ஒரு காரணமே இல்லை என்றாராம். அண்ணனுக்கு அது காரணமில்லைதான், ஆனால் அண்ணன் செய்த தாமதத்துக்கு உள்ளே இருக்கிற தம்பியின் அப்பீலை மூட முடியாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாராம். மனு அனுமதி ஆகிவிட்டது.

"காமாலையா இருந்தா அவர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்" என்றார் குமாஸ்தா. அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

மாசியில், அப்பீல் முடிகிற வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைத்துத் தம்பியை ஜாமீனில் விட்டார்கள். ஜெயில் வாசலில் நானும் சின்னத்தாயும் பிள்ளைகளும் நின்றோம். அவன் வந்து சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். சின்னமனூர் வரைக்கும் பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறமும் பதினைந்து நாள் பேசவில்லை. பதினாறாம் நாள் காலையில் தோட்டத்துக்கு வந்து, எனக்குப் பக்கத்துப் பாத்தியில் நின்று வாழைக்கு மண் அணைத்தான். மத்தியானம் என் தூக்குவாளியைத் திறந்து பாதிச் சோற்றைத் தின்றான். எனக்கு அது போதும்.

அப்பீல் இந்த வருஷம் தையில்தான் முடிந்தது. மண்வெட்டியால் அடித்ததாக நம்ப முடியவில்லை, தள்ளிவிட்டது குற்றம், அதற்கு இதுவரை உள்ளே இருந்த நாட்களே போதும் என்று தீர்ப்பு. தீர்ப்பான வாரம் தம்பி இறந்தவர் வீட்டு வாசலில் போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தான். அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் பகவான் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நான் ஐந்து சனிக்கிழமை கேட்டதை அவர் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரே ஒரு நாள் கேட்டதைக் கொடுத்தார். வாய் கொடுத்தார். அந்த வாய் வழியாகத்தான் மற்றதெல்லாம் வந்தது. கூட இருந்து பார்த்தவன் நான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனாலும் நூற்று மூன்று நாள் என் பேரில் நிற்கிறது. அப்பீலை நேரத்தில் போட்டிருந்தால் அந்த நூற்று மூன்று நாளுக்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்திருப்பான். பெரிய பிள்ளை வயசுக்கு வந்தது அந்த நாட்களில்தான். அதை யார் மன்னித்தாலும் நான் என்னை மன்னிக்கவில்லை. அதனால் இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். யார் வீட்டிலாவது தண்டனை ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் போய்விடுவேன். முதலில் கேட்பது, தீர்ப்பு என்றைக்கு என்பதுதான். அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே எண்ணி வட்டம் போட்டுவிட்டு வருவேன். எல்லாவற்றுக்கும் அறுபது நாள் கிடையாது, சின்னக் கோர்ட்டுத் தீர்ப்பென்றால் முப்பதே நாள், வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்லுவேன். நாள் தாண்டிப் போயிருந்தால், அதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள், நிஜத்தைச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லுவேன். இதுவரை பதினோரு வீடு. சில வீட்டில் எனக்கு வெளியே போ என்றுதான் பதில் கிடைத்தது.

இந்த ஆடியில் அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு ஐந்து வருஷத் தண்டனை ஆகியிருந்தது. "ஆடி கழியட்டும்ணே, ஆவணியில போவோம்" என்றாள். எனக்கு என் குரலையே கேட்கிற மாதிரி இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி. அவளை மதுரைக்குக் கூட்டிப் போனேன். அந்த வக்கீல் இப்போதும் இருக்கிறார். ஏற்கனவே போனில் சொல்லி வைத்திருந்ததால் அன்றைக்குச் சாயங்காலமே அப்பீல் உள்ளே போய்விட்டது. ஒன்றும் தீட்டுப் படவில்லை.

சனிக்கிழமை அவளைக் குச்சனூருக்கும் கூட்டி வந்தேன். தம்பி முன்னாலேயே வந்து விளக்குப் போட எள் முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அவளை ஏறிட்டுப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எத்தனாவது நாளும்மா போட்டீக?"

"இருவத்திரெண்டு" என்றாள் அவள்.

தம்பி கையிலிருந்த எள் முடிச்சை அவளிடம் கொடுத்தான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு என்னைப் பார்த்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் இங்கே வாருங்கள். நம்பி வாருங்கள், அவர் கைவிட மாட்டார். ஆனால் செய்ய வேண்டிய காகிதத்தை மாடத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். அதை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து விளக்குப் போடுங்கள்.